ஆயிரம் கெஜத்தில் சுடக் கற்க எங்கே தொடங்குவது?

கேள்வி இது: "லண்டனுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊரில் கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டதோடு சரி. இங்கே பிஸ்லி சுடும் மைதானத்தில் ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இலக்கு வைத்துச் சுடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பொழுதுபோக்காகத் தொடங்க ஆசை. என்ன ரைபிள் வாங்கலாம், எந்த ஸ்கோப் நல்லது, லைசென்ஸ் எப்படி எடுப்பது, எவ்வளவு செலவாகும்?"

ரைபிளைப் பற்றி முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். பதினாலு வருஷமாக பிஸ்லியில் சுடுகிறேன். ஆசையாக வந்து ஒரே வருஷத்தில் விட்டுப் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் முதல் மாதமே ரைபிள் வாங்கியவர்கள். இத்தனை தூரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது காற்று. அதற்கு முதல் ஒரு வருஷம் உங்களுக்கென்று சொந்தமாக ஒரு தோட்டாகூட வேண்டியதில்லை. கிளப்பில் எல்லாம் கிடைக்கும்.

முதலில் அந்தத் தூரம் என்ன என்பது மனசில் படிய வேண்டும். ஆயிரம் கெஜம் என்றால் 914 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அங்கே நிற்கும் இலக்கில் ஐந்து மதிப்பெண் தரும் 'புல்' வட்டத்தின் குறுக்களவு சுமார் 24 அங்குலம். நம் வீட்டு வாசலில் போடும் நடுத்தரமான கோலம் அளவு. அதற்குள்ளே இன்னும் சின்னதாக ஒரு வட்டம் உண்டு, அதை 'வி' என்பார்கள். இரண்டு பேர் சமமாக வந்தால் யாருக்கு 'வி' அதிகம் என்று பார்ப்பார்கள். புல்லுக்கு வெளியே நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மதிப்பெண் குறையும். மூன்று மதிப்பெண்ணுக்கு 'மேக்பை' என்று பெயர். அந்தக் காலத்தில் அதைக் கறுப்பும் வெள்ளையுமான அடையாளம் காட்டித் தெரிவிப்பார்கள், அதனால் அந்தப் பறவையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

.308 ரைபிளிலிருந்து (குண்டின் குறுக்களவு 0.308 அங்குலம்) கிளம்பும் 155 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் பத்து கிராம் எடையுள்ளது, குழல் முனையில் நொடிக்கு 2900 அடிக்கு மேல் வேகத்தில் போகும். ஆயிரம் கெஜம் போய்ச் சேர ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் முப்பது அடி கீழே இழுத்துவிடும். அதனால் குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து, குண்டை வில்லாக வளைத்து அனுப்புகிறோம். நடுவழியில் அது பார்வைக் கோட்டுக்குப் பத்தடிக்கும் மேலே பறக்கும். போய்ச் சேரும்போது ஒலியின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருக்கும். இந்தக் கீழிறக்கம் ஒரு பிரச்சினையே அல்ல. ஈர்ப்பு விசை நேற்றும் இன்றும் ஒன்றுதான். ஒரு முறை கண்டுபிடித்து நோட்டில் எழுதினால் முடிந்தது. காற்று அப்படி இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பிஸ்லி சர்ரே மாவட்டத்தில், ப்ரூக்வுட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்குள்ள தேசிய ரைபிள் சங்கம் 1859-இல் தொடங்கியது. முதல் போட்டி 1860 ஜூலையில் விம்பிள்டன் பொதுவெளியில் நடந்தது. விக்டோரியா மகாராணிதான் முதல் குண்டைச் சுட்டார். ஒரு விட்வொர்த் ரைபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கிக் குறிபார்த்து வைத்திருந்தார்கள். அவர் பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கெஜத்துக்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியை ஒட்டியே பாய்ந்தது. லண்டன் வளர்ந்து வீடுகள் நெருங்கி வந்ததால் 1890-இல் பிஸ்லிக்கு இடம் மாறினார்கள். அந்தக் காலத்து மர கிளப் வீடுகள் இன்றும் வராந்தாவோடு நிற்கின்றன. நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோலாப்பூர் அரசர் கொடுத்த வெள்ளிக் கோப்பைக்காக 1871 முதல், விம்பிள்டன் காலத்திலிருந்தே, அணிகள் மோதுகின்றன. ஒவ்வொரு ஜூலையிலும் பிரிட்டன் அணியும் காமன்வெல்த் நாடுகளின் அணிகளும் 'கோலாப்பூர்' என்று அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு சுடுவதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

சரி, இதில் என்னென்ன வகை இருக்கிறது? இது தெரியாமல் வாங்கினால் பணம் வீண். 'டார்கெட் ரைபிள்' என்பது பழைய வழி. குப்புறப் படுத்து, கையில் மாட்டிய ஸ்லிங் என்ற பட்டையின் பிடியில் ரைபிளைத் தாங்கி, ஸ்கோப் இல்லாமல் துளைப் பார்வையால் குறிபார்த்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவது. .308 அல்லது .223 மட்டும்தான். 'எஃப்-கிளாஸ்' அதற்கு அப்புறம் வந்தது. கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபார்குஹர்சன் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'எஃப்'. வயதாகிக் கண் மங்கினாலும் முழங்கை தாங்காமல் போனாலும் விளையாட்டை விட வேண்டியதில்லை என்று ஸ்கோப்பும் தாங்கியும் அனுமதித்தார்கள். இன்று இளைஞர்களே அதில் நிறைய. அதில் இரண்டு பிரிவு. 'எஃப்-டி.ஆர்.' என்றால் .308 அல்லது .223 தோட்டா, பைபாட் என்ற இரட்டைக் கால்கள், எல்லாம் சேர்த்து எடை 8.25 கிலோவுக்குள். 'எஃப்-ஓப்பன்' என்றால் தோட்டாவில் நிறையச் சுதந்திரம், எடை 10 கிலோ வரை, முன்னால் கனமான தாங்கி. மூன்றாவதாக 'மேட்ச் ரைபிள்', 1200 கெஜம் வரைக்கும். அதில் சிலர் இன்றும் மல்லாந்து படுத்து, கால்மேல் குழலை வைத்துச் சுடுகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சி.

என் அபிப்பிராயம், டார்கெட் ரைபிளில் தொடங்குங்கள். அப்புறம் எஃப்-கிளாஸுக்குப் போனாலும் கற்றது வீணாகாது. தாங்கியில் வைத்துச் சுட்டே பழகியவர்களுக்கு உடம்பு என்ன செய்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது. முதுகு வலியோ கழுத்து வலியோ இருந்தால் மட்டும் நேரே எஃப்-கிளாஸ்.

இப்போது அனுமதி. இங்கே ரைபிள் சொந்தமாக வைத்துக்கொள்ள போலீஸ் தரும் ஃபயர்ஆர்ம் சர்ட்டிஃபிகேட் வேண்டும். 1968-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வருவது. அதற்கு 'தக்க காரணம்' காட்ட வேண்டும். இலக்கு சுடுவதற்கு என்றால், உள்துறை அங்கீகரித்த கிளப்பில் முழு உறுப்பினராக இருப்பதுதான் அந்தக் காரணம். ஆகவே வரிசை இது: முதலில் கிளப், அப்புறம் சர்ட்டிஃபிகேட், அதற்கும் அப்புறம் ரைபிள். முதலில் பயிற்சி உறுப்பினராகச் சேர்ப்பார்கள். குறைந்தது மூன்று மாதம். அந்தக் காலத்தில் தவறாமல் போக வேண்டும், பாதுகாப்பாகக் கையாளப் பழக வேண்டும், எப்போதும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். முழு உறுப்பினரானதும் கிளப் ரைபிளைக் கிளப்பில் வைத்துச் சுட சர்ட்டிஃபிகேட்டே தேவையில்லை. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அவசரப்பட்டு விண்ணப்பிக்காமல் ஒரு வருஷம் அப்படியே ஓட்டலாம்.

பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. இங்கே முறையாக வசித்தால் போதும். விண்ணப்பித்தால் உங்களுக்கு உத்தரவாதம் சொல்ல இரண்டு பேர் வேண்டும், உங்கள் டாக்டரிடமிருந்து மருத்துவத் தகவல் கேட்பார்கள், ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பேசுவார். ரைபிளைப் பூட்டி வைக்கச் சுவரில் போல்ட் போட்ட இரும்பு அலமாரி வேண்டும். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வையுங்கள். சர்ட்டிஃபிகேட் ஐந்து வருஷத்துக்குச் செல்லும். அதில் எந்த அளவு ரைபிள், எத்தனை தோட்டா வரை வைத்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கும். வந்த அதிகாரியிடம் மனசில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கு ஒரு காலத்தில் மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். சொன்னதால் வருவதைவிட மறைத்ததால் வரும் சிக்கல்தான் பெரிது. 1987-இலும் 1996-இலும் இந்த நாட்டில் நடந்த துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு சட்டம் இறுகியது. அது ஏன் இறுகியது என்பது இங்கே ரைபிள் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பை நான் தனித் தலைப்பாக எழுதுவதில்லை, ஏனென்றால் அது எல்லாவற்றிலும் கலந்தது. எந்த ரைபிளையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். தோட்டா அறையை மூடும் போல்ட் திறந்தே இருக்க வேண்டும், அந்த அறைக்குள் நிறமுள்ள பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். யாராவது முன்னால் நடந்து போகும் நேரத்தில் ரைபிளைத் தொடவே கூடாது. "நிறுத்து" என்ற சத்தம் யாரிடமிருந்து வந்தாலும் விரல் விசையை விட்டு விலக வேண்டும். என் கிளப்பில் ஒரு பதினாறு வயதுப் பெண் அப்படிக் கத்தி முப்பது பேரை நிறுத்தினாள். இலக்குகளுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டுக்கு முன்னால் ஒரு மான் வந்துவிட்டது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீனியர்கள் எழுந்து வந்து நன்றி சொன்னார்கள்.

முதல் ஆறு மாதம் .22 சுடுங்கள். என்.சி.சி.யில் சுட்டதுதான், ஆனால் இங்கே ஒழுங்காக. ஒவ்வொரு ஊரிலும் 25 கெஜத்திலும் 50 மீட்டரிலும் சுடும் சிறு கிளப்புகள் இருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து போகலாம், தோட்டா மலிவு. பெரிய ரைபிளின் உதைப்பும் சத்தமும் இல்லாததால் உடம்பு செய்யும் தப்பு உடனே தெரியும்.

எதைப் பழக வேண்டும் என்று கேட்டால், முதலில் படுக்கை. உடம்பு இலக்குக்கு நேராக அல்ல, கொஞ்சம் சாய்வாக. இடது முழங்கை ரைபிளுக்குக் கிட்டத்தட்ட அடியில். ஸ்லிங் மேற்கையில் இறுகி, ரைபிளின் எடையை எலும்பும் பட்டையும் தாங்க வேண்டும், தசை அல்ல. இப்போது ஒரு சோதனை: குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறந்து பாருங்கள். குறி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் உடம்பு இயல்பாகக் காட்டும் இடம். அது இலக்கில் இல்லையென்றால் கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. இடுப்பை ஒரு அங்குலம் நகர்த்துங்கள். கையால் தள்ளினால் விசை அழுந்தும் அந்த நொடியில் கை தளர்ந்து, ரைபிள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எனக்கு இதை விளக்கியவர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. என் இடுப்பைத் தடியால் லேசாகத் தட்டி, "இங்கேயிருந்து குறிபாருங்கள்" என்றார். அன்று மாலையே என் குண்டுகள் பாதி வட்டத்துக்குள் அடங்கின.

துளைப் பார்வையில் பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டம், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை. கண் முன் வளையத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. வட்டத்துக்குள் வட்டம் வைப்பதில் மனிதக் கண் அசாத்தியமான திறமையுள்ளது. அதனால்தான் ஸ்கோப் இல்லாமலே ஆயிரம் கெஜத்தில் பதினைந்துக்குப் பதினைந்து புல் அடிக்கிறார்கள். விசையை அழுத்தியதும் உடனே தலையைத் தூக்காதீர்கள். குண்டு வெடித்த நொடியில் குறி எங்கே இருந்தது என்று மனசுக்குள் சொல்லுங்கள்: "ரெண்டு மணிப் பக்கம், கொஞ்சம் வெளியே." அப்புறம் இலக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்த இரண்டும் ஒத்துப்போகத் தொடங்கும் நாள் வரைதான் .22. அந்த நாள் வந்துவிட்டால் தூரத்துக்குப் போகலாம், ஏனென்றால் இனி தப்பு நடந்தால் அது உங்களுடையதா காற்றினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியும். இதைப் பிரிக்கத் தெரியாமல் ஆயிரம் கெஜத்துக்குப் போனால் பத்து வருஷம் சுட்டாலும் ஒன்றும் கற்க முடியாது.

காற்றுக்கு வருகிறேன். கணக்கை முதலில் வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு 'மினிட்'. நூறு கெஜத்தில் அது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஆயிரத்தில் சுமார் பத்தரை அங்குலம். ரைபிளின் பார்வையைத் திருகும் ஒவ்வொரு 'கிளிக்'கும் பொதுவாகக் கால் மினிட், அதாவது ஆயிரம் கெஜத்தில் இரண்டரை அங்குலம் சொச்சம். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, மரக்கிளை மெல்ல ஆடும் அளவுதான், அந்த 155 கிரெய்ன் குண்டை ஆயிரம் கெஜத்தில் சுமார் எட்டடி தள்ளிவிடும். எட்டடிக்கு 96 அங்குலம். புல்லின் நடுவிலிருந்து விளிம்புக்கு 12 அங்குலம். அப்படியானால் காற்றில் ஒன்றேகால் மைல் வித்தியாசம் வந்தாலே நடுவில் விழ வேண்டிய குண்டு விளிம்புக்குப் போய்விடும். ஒன்றேகால் மைல் காற்றைக் கன்னத்தில்கூட உணர முடியாது. இந்த விளையாட்டின் மொத்தச் சுவையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அதை எப்படிப் படிப்பது? பார்க்க மூன்று சாட்சிகள் உண்டு. முதல் சாட்சி கொடி. மைதானம் நெடுக உயரமான கம்பங்களில் நீளக் கொடிகள். அது எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது வேகம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது திசை. பழகியவர்கள் மைல் கணக்கு பேசமாட்டார்கள். "வலது ஆறு" என்பார்கள், அதாவது வலப்பக்கத்துக் காற்று ஆறு மினிட் தள்ளும். நேர் குறுக்கே வீசுவதுதான் முழுக் காற்று. சுடும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்ந்து வீசினால்கூடப் பாதி வந்துவிடும். "கிட்டத்தட்ட எதிர்காற்றுதானே" என்று புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கொடி உங்களை நோக்கி நேராக நின்று, இப்படியும் அப்படியும் வால் ஆட்டிக்கொண்டிருந்தால் ரொம்பக் கவனம். அது மீன்வால் காற்று. ஒரு நொடி வலதிலிருந்து மூன்று மினிட், அடுத்த நொடி இடதிலிருந்து மூன்று. வேகம் துளியும் மாறாமல் ஆறு மினிட் வித்தியாசம், அதாவது ஐந்தடிக்கு மேல். பலமான, நிலையான குறுக்குக் காற்று இதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது சாட்சி கானல். வெயில் நாளில் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது பக்கத்தில் காலில் நிறுத்திய தொலைநோக்கியை, இலக்குக்குக் குவித்துவிட்டு, குவியத்தைக் கொஞ்சம் நம் பக்கமாகத் திருப்பி, நடுவழியில் குவியுங்கள். நம் ஊர் தார் ரோட்டில் மத்தியானம் தெரியுமே, அதே நெளிவு. காற்று இருந்தால் அது ஆற்று நீர் மாதிரி பக்கவாட்டில் ஓடும். வேகம் கூடக்கூட நெளிவு தட்டையாகும். ஓட்டம் நின்று நேரே மேல்நோக்கிக் கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம். ஆனால் அந்தக் கொதிப்பு பெரும்பாலும் காற்று பக்கம் மாறும் இடைவேளை. அப்போது சுடக் கூடாது. கனத்த கொடி அசையாத இளங்காற்றையும் கானல் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது சாட்சி பக்கத்து இலக்குகள். வரிசையில் இருப்பவர்களின் குண்டுகள் எல்லாம் திடீரென்று இடது பக்கம் விழத் தொடங்கினால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ மாறியிருக்கிறது.

இன்னொன்று. காற்று எல்லா இடத்திலும் ஒன்றாக வீசாது. பள்ளத்தில் ஒன்று, மரங்களுக்குப் பக்கத்தில் ஒன்று. எந்தக் கொடியை நம்புவது என்ற கேள்வி வரும். சுடுபவருக்கு அருகிலுள்ள காற்றுக்கு எடை அதிகம், ஏனென்றால் அங்கே சாய்ந்த குண்டு மீதித் தூரம் முழுவதும் அந்தச் சாய்விலேயே போகும். ஆனால் குண்டு பறக்கும் உயரத்தில் வீசுவதைத் தூரத்துக் கொடிகளே சொல்லும். ஒரு கொடியைத் தேர்ந்தெடுங்கள், அதோடு வாழுங்கள், மற்றதை ஓரக்கண்ணால் பாருங்கள்.

என் முதல் ஆயிரம் கெஜ நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஸ்டிக்கிள்டவுன் மைதானம், செப்டம்பர். சுட்டேன். தூரத்தில் இலக்கு குழிக்குள் இறங்கியது. அங்கே இருப்பவர் துளையில் ஒரு வட்டு செருகி, மதிப்பெண் அடையாளம் வைத்து மறுபடி ஏற்றுவார். அதற்கு இருபது நொடி ஆகலாம். அந்த இருபது நொடி எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. ஏறி வந்தபோது வட்டு வலது ஓரத்தில், மூன்று மதிப்பெண். நான் பார்வையை இடது பக்கம் திருகப் போனேன். பக்கத்தில் படுத்திருந்த பெரியவர், "கொடியைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் சுட்டபோது எழும்பி நின்ற கொடி, இப்போது கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. குண்டு எங்கே விழுந்ததோ அதற்குத் திருத்தினேனே தவிர, இப்போது வீசும் காற்றுக்கு நான் திருத்தவில்லை. இந்த ஒரு வித்தியாசம் புரிய எனக்கு ஒரு முழு சீசன் ஆனது.

அதற்கு உதவுவது நோட்டு. ஒவ்வொரு குண்டுக்கும் மூன்றே விஷயம்: சுடும்போது என்ன காற்று வைத்தேன், மனசில் எங்கே போனதாகத் தோன்றியது, உண்மையில் எங்கே போனது. இலக்குப் படத்தில் புள்ளி வைக்க அச்சடித்த தாள்கள் கிடைக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் பிழையும் வெளிச்சம். பிஸ்லியில் ஒரு இலக்கை இரண்டு அல்லது மூன்று பேர் பகிர்ந்து, மாறி மாறிச் சுடுவார்கள். ஒருவர் மதிப்பெண்ணை அடுத்தவர் எழுத வேண்டும். உங்கள் மதிப்பெண்ணை எழுதுபவர் உங்களோடு போட்டி போடுபவர்தான். இதில் யாரும் தப்பாக எழுதி நான் பார்த்ததில்லை. இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இதுதான்.

மற்றொரு பிழையையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். வரிசையாக ஒரே மாதிரி ஐம்பது இலக்குகள் நிற்கும். கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் குறிபார்க்கும்போது பக்கத்து இலக்கைச் சுட்டுவிடுவது மிக எளிது. நான் ஒரு போட்டியில் ஒன்பது புல் அடித்துவிட்டுப் பத்தாவதைப் பக்கத்து இலக்கில் அடித்தேன். எத்தனை அழகான குண்டானாலும் அது சுழி. 1874-இல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் கிரீட்மூர் மைதானத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. 934-க்கு 931 என்று அமெரிக்கா வென்றது. அயர்லாந்துக்காரர் ஒருவர் சுட்ட குண்டு வேறு இலக்கில் விழுந்ததுதான் அந்த மூன்று மதிப்பெண் வித்தியாசத்தின் காரணம் என்று இன்றும் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் விசையில் விரல் வைக்கும் முன் இலக்கின் எண்ணை மனசுக்குள் வாசியுங்கள்.

கடைசியாக ரைபிளும் பணமும். ஒரு வருஷம் கிளப் ரைபிளில் சுட்டபிறகு உங்கள் தோள் அளவும் கழுத்து நீளமும் கண்ணுக்கு எது ஒத்துவரும் என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது பழைய ரைபிள் வாங்குங்கள். ஸ்விங், மஸ்கிரேவ், ஆர்.பி.ஏ. போன்ற பெயர்களில் முப்பது வருஷத்துப் பழைய ரைபிள்கள் கிளப்புகளுக்குள்ளேயே கைமாறும். அவற்றின் இரும்பு தேயாது, தேய்வது குழல்தான். .308 குழல் ஐயாயிரம் தோட்டா வாக்கில் துல்லியம் இழக்கும். அதனால் "இதில் எத்தனை சுட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், அந்தக் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கோட், கையுறை, ஸ்லிங், கால் உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப், காதுக்கு நல்ல மூடி. பணம் பத்தாது என்றால் ரைபிளில் குறைத்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் போடுங்கள், கானலைப் பார்ப்பது அதில்தான். தோட்டா இன்று ஒன்றுக்கு ஒரு பவுண்டைத் தாண்டிவிட்டது. ஒரு மாலைக்கு நாற்பது சுட்டால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலும் மைதானக் கட்டணமும் தனி. தோட்டாவை நாமே தயாரிப்பதை இரண்டு வருஷத்துக்கு மறந்துவிடுங்கள். பிஸ்லியில் பெரிய போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே தோட்டாவைக் கொடுத்துச் சுட வைக்கும் வழக்கம் வெகுகாலமாக உண்டு, அதில்தான் உலகத் தரமான மதிப்பெண்கள் வந்திருக்கின்றன. நண்பர் ஒருவர் சேர்ந்த மூன்றாம் மாதமே ராணுவத் தோரணையில் பளபளவென்று ஒரு கனமான ரைபிளும் பெரிய ஸ்கோப்பும் வாங்கினார். டார்கெட் ரைபிளுக்கு ஸ்கோப் ஆகாது, எஃப்-டி.ஆருக்கு எடை கூடுதல். பாதி விலைக்கு விற்றுவிட்டு மறுபடி கிளப் ரைபிளுக்கே வந்தார்.

இதே கேள்வியை டொராண்டோவிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ யாராவது கேட்டால் பாதை ஏறக்குறைய இதுவே, லைசென்ஸ் சட்டம் மட்டும் மாறும். கனடாவில் ஆட்டவாவுக்குப் பக்கத்தில் கன்னாட் மைதானம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு மாநிலத்திலும் ரைபிள் சங்கம் உண்டு.

பெண்கள் சேரலாமா என்று இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார். இங்கே ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில், ஒரே பரிசுக்காகச் சுடுகிறார்கள். இந்த மைதானத்தின் மிகப் பெரிய பரிசு கிங்ஸ் பிரைஸ். 1930-இல் அதை மார்ஜரி ஃபாஸ்டர் வென்றார், ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில். அதை வென்ற முதல் பெண் அவர்தான்.

அந்தப் போட்டியை நீங்கள் நேரிலேயே பார்க்கலாம். ஜூலையில் நடக்கும் இம்பீரியல் மீட்டிங் என்ற போட்டித் தொடரின் கடைசிச் சனிக்கிழமை, நூறு பேர் ஸ்டிக்கிள்டவுனில் 900 கெஜத்திலும் 1000 கெஜத்திலும் பதினைந்து பதினைந்து தோட்டா சுடுவார்கள். வென்றவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். வாட்டர்லூவிலிருந்து ப்ரூக்வுட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது. பைனாகுலர் ஒன்று எடுத்துப் போய் சுடுபவர்களுக்குப் பின்னால் புல்தரையில் உட்காருங்கள். முதலில் கொடியைப் பார்த்து எத்தனை மினிட் என்று நீங்களே ஒரு எண்ணை எழுதுங்கள், அப்புறம் வட்டு எங்கே ஏறி வருகிறது என்று பாருங்கள். பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். பிஸ்லியில் ஜூலையிலும் மழை வரும், ஈரத் தாளில் பேனா எழுதாது.